ஒரு சைபர் கூடினால் யார் தடுப்பது?

ஆதார் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் செல்போன் உடனே கண்டுபிடிக்கிறது. 240 ரூபாய்க்குப் பதில் 2,400 ரூபாய் அனுப்பினால் மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை?

மாலை ஏழு மணி. தெருமுனை மளிகைக் கடையில் நல்ல கூட்டம். அந்தப் பெண்ணின் ஒரு கையில் பை, தோளில் தூங்கும் குழந்தை. மீதமிருக்கும் கையின் கட்டைவிரலால்தான் செல்போனில் பணம் கட்ட வேண்டும். பில் 240 ரூபாய். அவசரத்தில் பூஜ்ஜியத்தின் மேல் விரல் இரண்டு முறை பட்டுவிடுகிறது. பின் நம்பரும் போட்டாகிவிட்டது. கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கிறது, 'இரண்டாயிரத்து நானூறு ரூபாய் பெறப்பட்டது!'

கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். "என்னக்கா, அடுத்த மாச சாமானுக்கும் சேர்த்துக் கட்டிட்டீங்களா?"

"ஐயோ அண்ணே, ஒரு சைபர் கூடிப்போச்சு!"

தெரிந்த கடை. சிரித்துக்கொண்டே மீதி 2,160 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார். தெரியாத ஊரில், தெரியாத கடையில் இப்படி நடந்திருந்தால்?

இதே பெண், அன்று காலை மகளின் பள்ளி விண்ணப்பத்துக்காக இதே செல்போனில் ஆதார் எண்ணை டைப் செய்தார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிவிட்டன. அடுத்த நொடியே 'ஆதார் எண் சரியில்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்துவிட்டது. காலையில் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்த போன், மாலையில் ஏன் சும்மா இருந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், எந்த இடத்தில் ஆப்பை நம்பலாம், எந்த இடத்தில் நாமே விழிப்பாக இருக்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

வாசலில் நிற்கும் காவலாளி

எண் கேட்கும் கட்டத்தைத் தொட்டதும் எழுத்துகள் மறைந்து எண் பலகை மட்டும் மேலே வருகிறது அல்லவா? அதுதான் முதல் சோதனை. எழுத்தே இல்லாவிட்டால் எழுத்துப்பிழை எப்படி வரும்?

இந்த எண் பலகையில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே இருக்கும். போனுக்கு எந்த வரிசை சுலபம் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் மனிதர்களை வைத்தே சோதித்துப் பார்த்து, 1960-ல் முடிவுகளை வெளியிட்டது. அப்போது தேர்வான வரிசைதான் இன்றும் நம் கையில் இருக்கிறது. நாள் முழுக்க கால்குலேட்டரில் கணக்குப் போடுபவர்கள், போனைக் கையில் எடுத்ததும் 7-க்குப் பதில் 1-ஐத் தட்டிவிடுவது இதனால்தான்.

ஆனால், எண் பலகை மட்டும் போதாது. வாட்ஸ்அப்பில் வந்த மொபைல் எண்ணை அப்படியே காப்பி செய்து ஒட்டினால், முன்னால் '+91' இருக்கும், நடுவில் இடைவெளி இருக்கும், சில நேரம் சிறு கோடும் இருக்கும். சில ஆப்கள் உடனே 'தவறான எண்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். நல்ல ஆப் அப்படிச் செய்யாது. இடைவெளியையும் கோட்டையும் தானே நீக்கிவிட்டு, மீதி 10 இலக்கம் இருக்கிறதா, முதல் இலக்கம் 6 முதல் 9-க்குள் இருக்கிறதா என்று பார்க்கும். இந்திய மொபைல் எண்களின் இலக்கணம் அதுதான்.

பிழையைச் சொல்லும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. 'தவறான உள்ளீடு' என்றால் தாத்தா, பாட்டிகளுக்கு என்ன புரியும்? '10 இலக்கம் வேண்டும், 9 தான் இருக்கிறது' என்று சொன்னால் அவர்களே திருத்திவிடுவார்கள்.

எண் போல இருக்கும், எண் கிடையாது

ஒரு சின்ன விளையாட்டு. உங்கள் மொபைல் எண்ணையும் உங்கள் அம்மாவின் மொபைல் எண்ணையும் கூட்டினால் என்ன வரும்? ஒன்றும் வராது, அர்த்தமே இல்லை என்கிறீர்களா? சரியான பதில். மொபைல் எண், பின்கோடு, வங்கிக் கணக்கு எண் எல்லாம் உண்மையில் பெயர்கள். எழுத்துக்குப் பதிலாக இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள்.

ஆப் எழுதுபவர் இதை மறந்து, இவற்றையும் கணக்குப் போடும் எண்ணாகவே சேமித்துவிட்டால் வம்புதான். கணக்கில் முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பு இல்லை. எனவே சென்னையின் எஸ்.டி.டி கோடான 044 வெறும் 44 ஆகிவிடும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண் தலை இழந்து நிற்கும்.

கடைக் கணக்கையும் சங்கக் கணக்கையும் எக்செல்லில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக நினைவில் வைக்கும். 16 இலக்க எண்ணை அப்படியே டைப் செய்தால், கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். முதலில் அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு, பிறகு எண்ணை உள்ளிடுவதே பாதுகாப்பு.

கடைசி இலக்கத்தில் ஒரு ரகசியம்

சரி, ஆதார் எண்ணில் பிழை இருப்பது எப்படித் தெரிந்தது? ஆதாருக்கு 12 இலக்கங்கள். முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது. அதைவிட முக்கியம், கடைசி இலக்கம். அது முந்தைய 11 இலக்கங்களையும் வைத்துக் கணக்கிட்டுச் சேர்க்கப்படும் 'சரிபார்ப்பு இலக்கம்'. டெபிட், கிரெடிட் கார்டு எண்களிலும் இப்படி ஒரு காவலாளி கடைசியில் உட்கார்ந்திருக்கிறார்.

கார்டுகளில் இருக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் பீட்டர் லூன். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர். 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1960-ல் கிடைத்தது. செல்போனே இல்லாத காலம்! பேப்பரும் பென்சிலும் இருந்தால் வீட்டுக் குழந்தைகளே இதைச் செய்து பார்க்கலாம்.

47258 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 8 தான் சரிபார்ப்பு இலக்கம். அதற்கு இடப்பக்கம் இருக்கும் இலக்கத்தில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். 5 இரட்டித்தால் 10. இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் 1+0=1. அடுத்து 2, அப்படியே இருக்கட்டும். 7 இரட்டித்தால் 14, அதாவது 1+4=5. அடுத்து 4, அப்படியே. இப்போது எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 4+5+2+1+8=20. விடை பூஜ்ஜியத்தில் முடிந்தால் எண் சரி.

கைதவறி 47258-ஐ 74258 என்று அடித்துவிட்டால்? 7+8+2+1+8=26. பூஜ்ஜியத்தில் முடியவில்லை. பிடிபட்டது!

எந்த ஓர் இலக்கம் மாறினாலும் லூன் முறை பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அநேகமாகப் பிடிக்கும். 09 என்பது 90 ஆக மாறினால் மட்டும் தப்பிவிடும். அந்த ஓட்டையையும் அடைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கணித அறிஞர் யாகோபஸ் வெர்ஹூஃப். 1969-ல் அவர் வெளியிட்ட முறைதான் இன்று ஆதாரில் இருக்கிறது. ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அதனிடமிருந்து தப்ப முடியாது.

இதற்கு இன்டர்நெட்கூடத் தேவையில்லை. போனே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. எண்ணின் அமைப்பு சரியாக இருக்கிறது என்று மட்டுமே இந்தச் சோதனை சொல்கிறது. அது யாருடைய எண், அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஏன் இரண்டு முறை கேட்கிறார்கள்?

வங்கிக் கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பு இல்லை. வங்கிக்கு வங்கி இலக்கங்களின் எண்ணிக்கையே மாறும். ஐ.எஃப்.எஸ்.சி கோடுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மொத்தம் 11 எழுத்துகள், முதல் நான்கு வங்கியின் பெயர், ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தைப் போட்டால் ஆப் கண்டுபிடித்துவிடலாம். கணக்கு எண்ணில் அந்த வசதி இல்லை.

அதனால்தான் கணக்கு எண்ணை மட்டும் இரண்டு முறை டைப் செய்யச் சொல்கிறார்கள். பல ஆப்களில் முதலில் போட்ட எண் புள்ளிகளாக மறைந்துவிடும், காப்பி செய்து ஒட்டவும் முடியாது. 'இது என்ன தொல்லை' என்று எரிச்சல் வருவது இயல்புதான். ஆனால் காப்பி செய்தால் முதலில் செய்த பிழையும் சேர்ந்தே காப்பியாகும். மறுபடி புதிதாக டைப் செய்யும்போது, அதே இடத்தில் அதே பிழையைச் செய்வது அபூர்வம்.

இதில் பணம் சம்பந்தப்பட்ட பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ் முறைகளில் பெயரையும் எழுதுகிறோமே தவிர, பணம் போய்ச் சேர்வது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான். பெயர் வேறாக இருந்தாலும் அந்த எண்ணுக்குப் பணம் போய்விடும். இதைச் சரிசெய்ய, பணம் அனுப்பும் முன் அந்தக் கணக்குக்கு உரியவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. யு.பி.ஐ-யில் மொபைல் எண்ணைப் போட்டதும் பெயர் வருகிறதே, அதே ஏற்பாடுதான். எண்ணில் பிழை பிடிக்க முடியாத இடத்தில், பெயரைக் காட்டி நம்மையே கேட்கிறார்கள்.

நடுக்கடலில் நின்ற கப்பல்

அடுத்த சோதனை, எல்லை. குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு. பூஜ்ஜியம் ரூபாய் அனுப்ப முடியாது. யு.பி.ஐ-யில் தனிநபருக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்சம் ரூபாய் உச்சவரம்பு.

இந்தச் சாதாரண சோதனை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்கக் கடற்படையின் யூ.எஸ்.எஸ். யார்க்டவுன் போர்க்கப்பலே சாட்சி. 1997 செப்டம்பரில் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. கப்பலின் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் பணியாளர் ஒருவர் பூஜ்ஜியத்தை உள்ளிட்டார். புரோகிராம் அந்தப் பூஜ்ஜியத்தால் இன்னோர் எண்ணை வகுக்கப் பார்த்தது. பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்பது பள்ளிப் பாடம். கம்ப்யூட்டர் நெட்வொர்க் முழுவதும் செயலிழந்தது. எஞ்சின் கட்டுப்பாடு போய், சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் கப்பல் அப்படியே நின்றது. 'பூஜ்ஜியம் கூடாது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுப்பும் தொகையில் 'மைனஸ் 500' என்று போட்டால் என்ன ஆகும்? ஒழுங்காகச் சோதிக்காத சிஸ்டமாக இருந்தால், பணம் போவதற்குப் பதில் வந்து சேரும்! 'எண் பலகையில்தான் மைனஸ் குறியே இல்லையே' என்று நினைக்கலாம். விஷயம் தெரிந்த ஏமாற்றுக்காரர் ஆப்பைத் தொடாமலே சர்வருக்குத் தகவல் அனுப்ப முடியும். அதனால் போனில் ஒரு முறை, வங்கியின் சர்வரில் ஒரு முறை என இரண்டு இடங்களிலும் சோதிப்பார்கள். போனில் நடக்கும் சோதனை நம் வசதிக்காக. சர்வரில் நடப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

எச்சரிக்கை வந்தது, யாரும் படிக்கவில்லை

2005 டிசம்பர் 8. ஜப்பானில் ஜே-காம் என்ற நிறுவனத்தின் பங்கு முதன்முதலாகச் சந்தைக்கு வந்த நாள். மிசுஹோ செக்யூரிட்டீஸ் ஊழியர் ஒருவர், ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டும். அவர் உள்ளிட்டதோ, 6,10,000 பங்குகள், விலை தலா 1 யென்! அந்த நிறுவனத்திடம் இருந்த மொத்தப் பங்குகளைப்போல 40 மடங்குக்கும் மேல். திரையில் எச்சரிக்கை வந்தது. அடிக்கடி வரும் எச்சரிக்கைதானே என்று தள்ளிவிட்டார்கள். ரத்து செய்யப் பார்த்தபோது, பங்குச் சந்தையின் கம்ப்யூட்டர் கோளாறால் அது ஏற்கவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். டோக்கியோ பங்குச் சந்தையின் தலைவரே பதவி விலக வேண்டியதாயிற்று.

லண்டனில் 2022 மே 2-ம் தேதி கிட்டத்தட்ட இதே கதை. சிட்டி குழுமத்தின் வர்த்தகர் ஒருவர் 5.8 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை விற்க நினைத்தார். தொகையைப் போட வேண்டிய கட்டத்துக்குப் பதில் எண்ணிக்கைக் கட்டத்தில் அந்த எண்ணைப் போட்டுவிட்டார். உருவான விற்பனைப் பட்டியலின் மதிப்பு 44,400 கோடி டாலர்! கணிசமான பகுதியை சிஸ்டம் தானாகவே தடுத்துவிட்டது. அப்படியும் அவர் ரத்து செய்வதற்குள் 140 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் விற்றுப்போய், ஐரோப்பியச் சந்தைகள் ஆட்டம் கண்டன. திரையில் எச்சரிக்கையே வரவில்லையா? வந்தது. மொத்தம் 711 எச்சரிக்கைகள். கண்ணுக்குத் தெரிந்தவை முதல் 18 வரிகள் மட்டும். மீதியைப் படிக்காமலே கடந்து போக முடிந்தது. 2024-ல் பிரிட்டன் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 6 கோடி பவுண்டுக்கும் மேல்.

எல்லாவற்றுக்கும் 'நிச்சயமா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தால், விரல் தானாக 'ஓகே'யைத் தட்டப் பழகிவிடும். சரியான நேரத்தில் ஒரே ஒரு முறை, 'இந்தக் கடைக்கு வழக்கமாக 300 ரூபாய்க்குள்தான் அனுப்புவீர்கள், இன்று 2,400. சரிதானா?' என்று கேட்டால்தான் மனம் நின்று பார்க்கும்.

பணம் போனால் வரும், உயிர்?

2006-ல் கனடாவின் எட்மன்டன் நகரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. நோயாளியின் உடலில் நான்கு நாள்களாகச் சிறிது சிறிதாக ஏற வேண்டிய மருந்து. அதைச் செலுத்தும் கையடக்க பம்ப்பில் மணிக்கு 1.2 மி.லி. என்று வைத்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கான அளவை 24 மணி நேரத்தால் வகுக்க விட்டுப்போனதால், மணிக்கு 28.8 மி.லி. என்று உள்ளிட்டார்கள். இன்னொரு செவிலியர் சரிபார்த்தும் பிழை தெரியவில்லை. பம்ப்பும் கேள்வி கேட்கவில்லை. அதன் கணக்கில் 28.8 என்பதும் நியாயமான எண்தான். நான்கு நாள் மருந்து நான்கே மணி நேரத்தில் ஏறிவிட்டது. சில வாரங்களில் அந்த நோயாளி இறந்துபோனார்.

இப்போது பல மருத்துவமனைகளில் இருக்கும் ஸ்மார்ட் பம்ப்புகளில், மருந்துக்கு மருந்து தனி எல்லை வைத்திருக்கிறார்கள். ஓர் எல்லையைத் தாண்டினால் 'சரிதானா?' என்று கேட்கும். அதையும் தாண்டினால், யார் சொன்னாலும் ஏற்காது.

வீட்டிலும் இதற்கு வேலை இருக்கிறது. சர்க்கரை அளவை ஆப்பில் குறித்து வைப்பவர்கள் பலர். இந்தியாவில் நாம் சொல்லும் 126, கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 7 என்று வரும். அளவு ஒன்றே, அலகுதான் வேறு. அங்கிருந்து மகனோ மகளோ வாங்கி அனுப்பிய மீட்டரில் 7 என்று பார்த்து, இங்குள்ள ஆப்பில் அப்படியே பதிந்தால், உயிருக்கே ஆபத்தான தாழ்சர்க்கரை என்று அர்த்தமாகிவிடும். அக்கறையோடு செய்த ஆப் என்றால், 'எந்த அலகில் பார்த்தீர்கள்?' என்று உடனே கேட்கும்.

எண்ணால் மட்டும் போதாது

இப்போது மளிகைக் கடைக்குத் திரும்புவோம். 2,400 என்பது எண்தான். மைனஸ் இல்லை, பூஜ்ஜியம் இல்லை, 1 லட்சத்துக்குள்தான் இருக்கிறது. எல்லாச் சோதனையிலும் பாஸ். பில் 240 என்பது அந்தப் பெண்ணுக்கும் கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மனதில் இருக்கும் எண்ணை எந்த ஆப்பாலும் படிக்க முடியாது.

செல்போன் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காசோலையில் தொகையை எண்ணாலும் எழுதுகிறோம், எழுத்தாலும் எழுதுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் இருப்பதே செல்லும் என்கிறது 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். எண்ணில் ஒரு பூஜ்ஜியம் கூடினால் கண்ணுக்குத் தெரியாது. 'இருநூற்று நாற்பது' என்பதும் 'இரண்டாயிரத்து நானூறு' என்பதும் யாருக்கும் குழப்பம் தராது. சில ஆப்கள் தொகைக்குக் கீழே எழுத்திலும் காட்டுவது இதற்காகத்தான்.

நினைவில் வைக்க ஐந்து விஷயங்கள்

1. பின் நம்பர் போடும் முன், பெயரையும் தொகையையும் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். பெரியவர்களுக்கும் இதைப் பழக்குங்கள்.

2. புதிய கணக்குக்குப் பெரிய தொகை அனுப்பும் முன், 1 ரூபாய் அனுப்பி வந்ததா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கடையில் தொகையுடன் வரும் கியூ.ஆர் கோடு இருந்தால் அதையே கேளுங்கள். டைப் செய்யும் வேலையே இருக்காது.

4. பணம் மாறிப் போய்விட்டால் உடனே ஆப்பிலும் உங்கள் வங்கியிலும் புகார் பதியுங்கள். பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி பொதுவாக அவர் கணக்கிலிருந்து எடுத்துத் தராது என்பதால், தாமதிக்கக் கூடாது. வங்கி சரியாகப் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் குறைதீர்ப்பாளரை அணுகும் வழியைக் கேட்கலாம்.

5. 'தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்று யாராவது அழைத்தால், எஸ்.எம்.எஸ்-ஐ நம்பாமல் வங்கிக் கணக்கில் பணம் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பணம் பெறுவதற்கு பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை.

மறுநாளும் அதே கடை, அதே கூட்டம், தோளில் அதே குழந்தை. இந்த முறை பின் நம்பர் போடுவதற்கு முன் அந்தப் பெண் செல்போனைக் கடைக்காரர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அண்ணே, நூத்தி எண்பதுதானே?"

"ஆமாக்கா, சரியா இருக்கு. போடுங்க."